சலேத்தம்மாள் வீட்டுக்குத் திருப்பிவைத்த குழாய்

சூசையன்விடுதி மாதா கோயிலுக்கு மைக் செட் வந்த கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மார்தட்டித்தான் சொல்வார்கள். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளின் ஆத்துமத்தை நினைத்து வாங்கினோம் என்பார்கள். இப்படிக் கூசாமல் பொய் சொல்லும் வாய்க்குள் சோறு எப்படி இறங்குகிறதோ தெரியவில்லை. அந்த ஊரில் நடக்க முடியாத நோயாளி ஒருத்திதான் இருந்தாள். அவளும் கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அவள் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள்.

அவள் பெயர் சலேத்தம்மாள். ஆலங்குடி பஸ் நிற்கும் புளியமரத்தடியில் கடலை வறுத்து விற்றவள். புருஷன் காலராவில் போன பிறகு ஒரே மகன் ராயப்பனை அந்தக் கடலைச் சட்டியை வைத்துத்தான் ஆளாக்கினாள். வாய் கொஞ்சம் நீளம். கண்டக்டர் ஓசியில் ஒரு பிடி அள்ளிவிட்டால், பஸ் கிளம்பும்வரை அந்த ஆளைப் பேச்சாலேயே கிள்ளிக்கொண்டிருப்பாள். ஆனால் பூசை என்று வந்துவிட்டால் அவளைப் போல அடங்கி உட்காரும் ஆள் கிடையாது. சூசையன்விடுதி கிளைக்கோயில்தான். பங்குச்சாமியார் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருவார். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் சட்டியில் மணலைப் புரட்டுகிறவள் அவள்.

ஐம்பத்திரண்டில் அடித்த புயலில் அவள் வீட்டு மண்சுவர் இடிந்து இரண்டு காலிலும் விழுந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு திரும்பினாள், ஆனால் எழுந்து நிற்கவில்லை. வலது கெண்டைக்காலில் ஒரு புண் ஆறாமலே நின்றுவிட்டது. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் காலையும் மாலையும் கழுவி, வெளுத்த துணியால் கட்டிக்கொள்வாள். எத்தனை கழுவினாலும் வெயில் ஏறினால் வாடை வரும். அது அவளுக்கும் தெரியும்.

அப்படியும் ஒரு பூசையை அவள் விட்டதில்லை. பழைய லாரி டயரில் ஒரு துண்டை வெட்டி இடுப்புக்குக் கீழே கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வருவாள். பெண்கள் பக்கத்தில், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியின் கோடியில் அவளுக்கு ஓர் இடம். நன்மை என்கிற தேவநற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் கிராதியில் வந்து முழந்தாளிடும்போது அவள் இருந்த இடத்திலேயே கையைக் குவித்துக்கொள்வாள். அப்போதிருந்த பழைய சாமியார் கடைசியாக அவளிடம் வந்து, குனிந்து, நாக்கில் வைப்பார். அதற்கு மேல் அவளுக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவள் வருவது வேண்டாததாகப் போனது பெரிய வீட்டுக்காரர்களுக்குத்தான். கோயில் நாட்டாண்மை சந்தியாகுவின் மனைவி ஞானம்மாளுக்கு முன்வரிசை. தலையில் வைத்த மல்லிகையைப் பிய்த்து மூக்கில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால், சேசுநாதர் சிலுவையில் தொங்கியது இவள் மூக்கு சுகமாக இருக்கட்டும் என்றுதானோ என்று நினைக்கத் தோன்றும். ஒரு சித்திரை மாதப் பூசையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, கோயில் சுவரோரம் வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றோடு வர வேண்டிய பூசைக்குக் காலையிலேயே பலகாரம் தின்றுவிட்டு வந்திருந்தாள் என்று பின்னால் சமையல்காரி சொன்னாள். பழி சலேத்தம்மாளின் காலுக்குப் போனது.

பழைய சாமியார் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. அறுபதில் அவர் மாற்றலாகிப் போனார். புதியவர் சின்ன வயது, நல்ல மனசு, ஊர் தெரியாது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் நாட்டாண்மைகளுக்கு வேறென்ன வேண்டும்? சந்தியாகு அவரிடம் போய், நோயாளிகள் வீட்டிலிருந்தே பூசை கேட்க மைக் செட் வாங்கிக் கொடுக்கிறேன் என்றார். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

செட்டைக் கொண்டுவந்து கட்டியவன் ஆலங்குடி மூக்கன். கல்யாணம், கருமாதி, முனியன் கோயில் கிடாவெட்டு எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவன். கரண்ட் இல்லாத ஊர் என்பதால் பாட்டரியைத் தலையில் தூக்கிவந்தான். ஒரு குழாயைக் கோயில் கூரையில் பெரிய தெருவைப் பார்த்துக் கட்டினான். இன்னொன்றை, சலேத்தம்மாள் இருக்கும் சந்தின் தலைப்பில் நிற்கும் நாவல்மரத்தில், அவள் வாசலைப் பார்த்துத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். உச்சிவெயிலில் மரத்தில் தொங்கியவனைப் பெரிய தெருவில் ஒருவரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. சலேத்தம்மாள்தான் கீழே இறங்கச் சொல்லி, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். இது எதற்கு ஆத்தா ஒங்க வீட்டுப் பக்கம் என்று மூக்கன் கேட்டதற்கு, அவளுக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

அடுத்த பூசைக்கு வழக்கம்போல இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் இடத்தில் பாயை விரித்து யாரோ பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் உபதேசியார் இன்னாசிமுத்து மறித்துக்கொண்டு நின்றார். செபம் சொல்லிக்கொடுக்கிற, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

"ஒனக்காகத்தான் ஊரே கொழா கட்டியிருக்கு. நீ இங்கிட்டு வந்துட்டா அங்கிட்டு அது யாருக்குக் கத்தும்?" என்றார் அவர்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குப் போனாள். ஆனால் மறுவாரம் ராயப்பனைத் தோப்பில் வைத்துச் சந்தியாகு நாலு வார்த்தை பேசினார். ராயப்பனுக்கு வேலை பெரிய வீட்டு முந்திரித் தோப்பில்தான். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருந்தான். அவன் வீட்டுக்கு வந்து, தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, இனிமேல் வீட்டிலேயே பூசை கேட்டால் என்ன என்றான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சலேத்தம்மாள் பேரக்குழந்தையைப் பார்த்தாள். சரி என்றாள். அந்தச் சரியைச் சொன்ன அன்றிலிருந்தே அவளுக்குக் குமட்டல் ஆரம்பித்துவிட்டது. அது வயிற்றில் வருகிற குமட்டல் இல்லை.

அதற்குப் பிறகு சூசையன்விடுதியில் பூசை கேட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். நோயாளிக்கென்று கட்டிய குழாய் ஊரையே நோயாளியாக்கிவிட்டது. குழாயில்தான் கேட்கிறதே என்று பெரிய தெருவில் பாதிப்பேர் கோயில் பக்கம் போவதை விட்டார்கள். விசுவாசப் பிரமாணம் ஓடும்போது மீன் ஆய்ந்தார்கள். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்தால் மட்டும் எங்கே இருந்தாலும் பொத்தென்று முழந்தாளிடுவார்கள், செதில் ஒட்டிய கையாலேயே மாரில் தட்டிக்கொள்வார்கள். ஒருவன் சவரத்துக்கு உட்கார்ந்தவன், பாதி முகத்தில் சோப்போடு தெருவில் முழந்தாளிட்டு எழுந்து, மறுபாதிக்கு முகத்தைக் காட்டினான். ஞானம்மாள் மூட்டுவலி என்று கட்டிலிலேயே படுத்துவிட்டாள். காபியும் கையுமாகப் பூசை கேட்டாள். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். வேதக்கார ஊர் என்பதற்காக அந்தப் பழமொழி பொருந்தாமல் போய்விடுமா?

சலேத்தம்மாள் குழாய்க்கு எதிரே, குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருப்பாள். லத்தீன் செபமெல்லாம் வந்தது. மணி வந்தது, இருமல் வந்தது, செருமல் வந்தது. நன்மை கொடுக்கும் நேரம் வரும்போது குழாயில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் அவள் கை தானாகக் குவிந்து, ஒன்றும் இல்லாமல் பிரியும்.

புதிய சாமியார், வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நன்மை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்கு ஒரு முறை உண்டு. தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். உபதேசியார் மணியடித்துக்கொண்டு முன்னால் போவார். நாட்டாண்மை பட்டுக்குடை பிடிக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குள் போய் எல்லோரும் முழந்தாளிட வேண்டும். சலேத்தம்மாள் முக்காலியில் வெள்ளைத்துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுருபம் வைத்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருந்தாள். மணி பெரிய தெரு வழியாக வந்தது. சந்தின் தலைப்பில், நாவல்மரத்துக்குப் பக்கத்தில் வந்து, திரும்பிப் போய்விட்டது. ஞானம்மாளின் மூட்டுவலிக்கு நன்மை போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமும் அப்படியே. மழைக்காலத்தில் சகதி என்றார்கள், கோடையில் வெயில் என்றார்கள். சலேத்தம்மாளின் குடிசைக்குள் முழந்தாளிட்டு அந்த வாடையை மோக்க நாட்டாண்மைக்கு மனசு வரவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒருநாள் சந்து வழியாகப் போன உபதேசியாரை நிறுத்தி, ஏன் எனக்கு வரவில்லை என்று நேராகவே கேட்டாள். அதுதான் வாசலுக்கே பூசை வருதே என்றார் அவர்.

"சத்தம் வருது உபதேசியாரே. சாமி வரலயே" என்றாள்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுவருஷம் தவக்காலத்தில் தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு கிழட்டுச் சாமியார் மாட்டுவண்டியில் வந்தார். சந்து வழியாகப் போன வண்டியைச் சலேத்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினாள். அவர் இறங்கி, அவள் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து, அவள் பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். உயிர்த்த திருநாளை ஒட்டிய பாஸ்குக் காலத்தில் நன்மை வாங்குவது கடன், பங்குச்சாமியார் கட்டாயம் கொண்டுவருவார், தயாராக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அதுவும் பாஸ்குக் காலத்தில், நன்மை வாங்காதவர் வேதத்தில் இருந்தும் இல்லாதவர் மாதிரி. சலேத்தம்மாளுக்கு வேறு எதைப் பற்றியும் பயம் கிடையாது. இந்தக் கடன் தீராமல் செத்துப்போவேனோ என்று ஒரு பயம் மட்டும் இருந்தது.

உயிர்த்த திருநாளுக்கு அடுத்த ஞாயிறு சாமியார் வந்தார். சலேத்தம்மாள் விடியுமுன்பே முக்காலியில் துணி விரித்துவிட்டாள். கோயிலில் மூக்கன் பாட்டரியை மாட்டி, மைக்கைக் கிராதிக்குப் பக்கத்தில் உபதேசியார் நிற்கும் இடத்தில் வைத்து, பூசைக்கு முன்னாலேயே குழாயைத் திறந்துவிட்டான். சனமெல்லாம் உட்கார்ந்திருந்தது. சாமியார் கிராதி ஓரமாக வந்து உபதேசியாரிடம் பேசியது, நாவல்மரத்துக் குழாயில் தெளிவாக வந்து விழுந்தது.

கால் வராத ஒரு அம்மாவுக்குப் பாஸ்கு நன்மை கொடுக்க வேண்டும் என்று தியானச் சாமியார் எழுதியிருக்கிறாரே, பூசை முடிந்ததும் போவோமா என்று சாமியார் கேட்டார். சலேத்தம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி," என்றது உபதேசியாரின் குரல். "அது வாந்தி எடுக்குற ஆளு. எது குடுத்தாலும் வயித்துல நிக்கிறதில்ல. நன்மைக்கே தோஷமாப் போயிரும்."

வாந்தி எடுக்கிற நோயாளிக்கு நன்மை கொடுப்பதில்லை. தேவநற்கருணை தரையில் விழுந்தால் அதைவிடப் பெரிய பாதகம் ஒன்றும் கிடையாது. எந்தச் சாமியாரும் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். உபதேசியார் இருபது வருஷம் வேதம் படித்ததன் பலன் அது. சாமியார் தயங்கி, அவர்கள் வீட்டு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மகன் இங்கேதான் இருக்கிறான் என்றார் உபதேசியார். ஏ ராயப்பா, நெசந்தான என்றார்.

குழாயில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. சலேத்தம்மாள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும், அவள் காலில்தான் புண், வயிற்றில் இல்லை என்று. கடலை விற்றவள் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று அவர்களே கேலி பேசியிருக்கிறார்கள். ஒரு வாயாவது திறக்கும் என்று பார்த்தாள்.

"ஆமாங்க சாமி" என்று தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. எத்தனை சன்னமாக வந்தால் என்ன, பெற்றவளுக்குத் தெரியாதா?

அவள் மெழுகுவத்திகளை ஊதி அணைத்தாள். டயர்த் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தடுக்க வந்த மருமகளின் கையை விலக்கிவிட்டு வாசலில் இறங்கினாள். சந்தைக் கடந்து பெரிய தெருவுக்கு வந்தபோது குழாயில் பூசை ஆரம்பித்திருந்தது. வாசல்களில் நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்க்கொண்டார்கள். ஞானம்மாள் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூட்டுவலிக்காரிக்கு எழுந்துவர எத்தனை வேகம். சலேத்தம்மாளின் உள்ளங்கை சரளைக்கல்லில் கிழிந்தது, புண் கசிந்து கட்டு நனைந்தது. எழுந்தேற்ற மணி தலைக்கு மேலே குழாயில் அடித்தபோது தெருவே முழந்தாளிட்டது. அவள் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தாள்.

நன்மை கொடுக்கும் நேரத்துக்குக் கோயிலுக்குள் நுழைந்தாள். பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அப்படி ஒதுங்கியதில் அவளுக்கு வழி கிடைத்தது. கிராதியின் கோடியில், தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து கையைக் குவித்தாள். சாமியார் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார். கையில் இருந்த பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு வாந்தி வருமாமே அம்மா."

"ஒரு நாளும் வந்ததில்ல சாமி. ஊரே இருக்கு, கேளுங்க."

மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் சொன்னது பெரிய தெருவுக்கும் நாவல்மரத்துக்கும் போனது. சாமியார் நிமிர்ந்து சனத்தைப் பார்த்தார். நாட்டாண்மை பீடத்துச் சுருபத்தைப் பார்த்தார், உபதேசியார் செபப்புத்தகத்தைப் பார்த்தார். ராயப்பன் தரையைப் பார்த்தான். அத்தனை வேதக்காரர்கள் இருந்த கோயிலில் ஒரு செருமல்கூட இல்லை.

வாசலில் பாட்டரிப் பக்கம் உட்கார்ந்திருந்த மூக்கன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். பேச வேண்டிய முறையும் அவனுக்குத் தெரியாது, பேசக்கூடாத நேரம் என்பதும் தெரியாது.

"கொழா கட்ட வந்த அன்னிக்கி அந்த ஆத்தா எனக்குச் சோறு போட்டு, அதுவும் எதுக்கவே ஒக்காந்து சாப்புட்டுச்சுங்க. பொழுது சாயுற மட்டும் நான் மரத்துலதான் இருந்தேன். வாந்தி எதுவும் எடுக்கலிங்க" என்றான்.

சாமியாரின் முகம் சிவந்துபோனது. உபதேசியாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, லத்தீனில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவள் நாக்கில் நன்மையை வைத்தார். அவள் கண்ணை மூடி விழுங்கினாள்.

பூசை முடிந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் வாசற்படியின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வர வேண்டியவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். வாந்தி எடுக்கிறவளாம், பார்த்துக்கொண்டு போகட்டும். ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். நாட்டாண்மை பக்கவாசல் வழியாகப் போனார். சிலர் சலேத்து நல்லாருக்கியா என்று வாய் கூசாமல் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷம் தன் காலைப் பார்த்து இவர்கள் பட்ட அருவருப்பு இப்படித்தான் இருந்திருக்கும் போல என்று நினைத்தாள். ஆனால் தன் காலைத் தான் தினம் இரண்டு வேளை கழுவினோமே என்றும் நினைத்தாள்.

வெயில் ஏறி, கோயில் காலியான பிறகு ராயப்பன் வந்தான். திருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. ஆத்தா என்று கூப்பிட்டு, குனிந்து, அவளைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினான்.

"வாந்தி எடுக்குறவள எதுக்குடா தூக்குற?" என்றாள் சலேத்தம்மாள். "ஒஞ் சட்டையில பட்டுறப் போகுது. அங்கிட்டுத் தள்ளி நில்லு."

சொல்லிவிட்டு, கிழிந்த உள்ளங்கையைப் படியில் ஊன்றி, இறங்க ஆரம்பித்தாள்.